காமராஜர் போட்ட சோறு பிள்ளைகளின் உடம்பில் என்ன செய்தது? எட்டயபுரம் முதல் பி.எம்.ஐ. வரை

பள்ளிக்கூடத்துக்கு மருத்துவக் குழு வரும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்வார்கள், உயரத்தைக் குறிப்பார்கள். அப்புறம் எடை மெஷினில் ஏறச் சொல்வார்கள். இரண்டு எண்ணும் ஒரு அட்டையில் ஏறும். பல வீடுகளில் அந்த அட்டையை அதற்குப் பிறகு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஆனால், ஒரு பிள்ளை எத்தனை நாள் பசியோடு இருந்தது, என்ன சாப்பிட்டது, நாளைக்கு அதற்குச் சர்க்கரை நோய் வருமா என்பதற்கெல்லாம் முதல் துப்பு அந்த இரண்டு எண்ணில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த எண்கள் மாறியதற்கு முக்கியமான ஒரு காரணம், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் எட்டயபுரத்தில் 1956-ல் தொடங்கிய ஒரு திட்டம். அதைத் தொடங்கிவைத்த முதல்வர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்.

காமராஜர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கதையைப் பிள்ளைகளின் உயரம், எடை வழியாகப் பார்த்தால் என்ன தெரியும்? விரிவாகப் பார்ப்போம்.

பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்தவர் காமராஜர். குலதெய்வத்தின் பெயரால் முதலில் வைத்த பெயர் காமாட்சி. வீட்டில் செல்லமாக ராஜா. இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. தங்கை நாகம்மாள்.

அவருக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். சிவகாமி அம்மாள் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஊரில் ஒரு வியாபாரியிடம் கொடுத்துவைத்தார். மாதாமாதம் வந்த வட்டியில்தான் குடும்பம் ஓடியது. பெரிய வறுமை என்று சொல்ல முடியாது. ஆனால், ஒரு வருமானம் நின்றால் வீட்டுச் சாப்பாடு எப்படிச் சுருங்கும் என்பது அந்தப் பையனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் படித்தது சத்திரிய வித்தியாசாலை. அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அதைச் சேர்த்து விற்ற பணத்தையும் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஊரே சேர்ந்து ஒரு பள்ளியைத் தாங்க முடியும் என்பதை காமராஜர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்படிப்பட்ட பள்ளியில்தான் அவரே உட்கார்ந்து படித்தார்.

ஆனால் படிப்பு நீடிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்று, மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார். கடையில் இருந்த நேரத்தைவிட, ஊர்வலத்திலும் பொதுக்கூட்டத்திலும் இருந்த நேரம்தான் அதிகம். 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி வந்தபோது அவருக்குப் பதினாறு வயதுகூட ஆகவில்லை. அத்தோடு காங்கிரஸ்காரர் ஆகிவிட்டார். அதன்பிறகு அவர் கடைக்காரராகவும் ஆகவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

சிறையில் வளர்ந்த அரசியல்வாதி

1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. அதில் கலந்துகொண்ட காமராஜருக்கு இரண்டு ஆண்டு தண்டனை. கல்கத்தாவின் அலிப்பூர் சிறையில் அடைத்தார்கள். காந்தி - இர்வின் ஒப்பந்தத்துக்குப் பிறகு 1931-ல் விடுதலையானார். அதற்குப் பிறகும் பலமுறை சிறை. மொத்தமாகக் கூட்டினால் ஏறக்குறைய 9 ஆண்டுகள். பள்ளியில் விட்ட படிப்பைப் பெரும்பாலும் சிறையில்தான் பிடித்தார். ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கும் பழக்கமும் அங்கே வந்ததுதான்.

சத்தியமூர்த்தி அவருக்கு அரசியல் குரு. 1940-ல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். ஊர் ஊராகப் போய், தொண்டர்களின் வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே தூங்கி எழுந்து வளர்ந்த கட்சிக்காரர் அவர். மேடைப் பேச்சில் அலங்காரம் இருக்காது. ஆனால் எந்த ஊரில் எந்தப் பயிர், எந்தத் தெருவில் பள்ளிக்கூடம் இல்லை என்பது மனப்பாடம்.

முதல்வர் ஆனதும் முதலில் பார்த்தது பள்ளியை

1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் சென்னை மாநிலத்தின் முதல்வரானார். அவருக்கு முன் இருந்த ராஜாஜி, 1953-ல் ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, கடும் எதிர்ப்பைச் சந்தித்த திட்டம் அது. காமராஜர் பதவிக்கு வந்த வேகத்தில் அதைக் கைவிட்டார்.

அப்போதைய நிலவரம் என்ன? 1951 கணக்கெடுப்பின்படி, ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். காமராஜர் அரசு, பள்ளி இல்லாத ஊர்களைக் கணக்கெடுத்துப் பள்ளி திறந்தது. கட்டடம் வந்தது, வாத்தியார் வந்தார். ஆனால் பிள்ளைகள்?

இங்கேதான் சிக்கல். பள்ளி பக்கத்தில் இருந்தாலும் பையன் மாடு மேய்க்கப் போகிறான், பெண் பிள்ளை தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். மாடு மேய்த்தால் கூழாவது கிடைக்கும். பள்ளிக்குப் போனால் மத்தியானம் என்ன கிடைக்கும்? ஒரு ஏழைக் குடும்பத்துக்கு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் ஒரு வேளைச் சோற்றை இழப்பது. கல்விச் செலவு என்று அரசு போடும் கணக்கில் இந்தச் சோறு வராது. காமராஜர் அதைத்தான் முதலில் கணக்கில் சேர்த்தார்.

யோசனை முழுக்கப் புதிதும் அல்ல. 1920-லேயே நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தது. ஆனால் அது ஒரு நகரத்தோடு நின்றது. அதை ஒரு மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முடியுமா என்பதுதான் கேள்வி. பணம் எங்கே என்று அரசுக்குள்ளேயே தயக்கம் இருந்தது.

ஏன் எட்டயபுரம்?

1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தை காமராஜர் தொடங்கிவைத்தார். பாரதியார் பிறந்த ஊர். அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான்.

ஊரின் பெருமை ஒரு பக்கம். நிலம் இன்னொரு பக்கம். எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரம் முழுக்கக் கரிசல் காடு. வற்றாத ஆறு கிடையாது, மழையை நம்பித்தான் கம்பும் சோளமும் பருத்தியும். மழை தவறினால் அந்த வருஷம் பட்டினிதான்.

அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தென்கிழக்கே போனால் தூத்துக்குடிக் கடல். அங்கேயும் வாழ்க்கை பருவத்தை நம்பித்தான். காற்று எதிராக அடித்தால் மீன்பிடிப் படகு இறங்காது. உப்பளத்தில் மழை மாதங்களில் வேலை இருக்காது. முத்துக்குளிப்பு என்பது சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும் நடக்கும் தொழில். எட்டயபுரத்தில் சோறு போட ஆரம்பித்த அதே காலத்தில், 1955 முதல் 1961 வரை மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. அதன்பிறகு அந்தத் தொழிலே முடிந்துபோனது. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கம் பனையேறிகளுக்கும் பதநீர் இறங்கும் மாதங்கள்தான் வருமானம்.

கரிசலோ கடலோ, எல்லாவற்றிலும் ஒரு பொது விஷயம் உண்டு: வருஷத்தில் சில மாதம் அடுப்பு ஒழுங்காக எரியாது. வளரும் உடம்புக்கு அது புரியாது. பிள்ளையின் எலும்பு, காற்று மாறட்டும் என்று காத்திருக்காது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பள்ளி நாளில் ஒரு தட்டுச் சோறு நிச்சயம் என்பது இந்த நிலப்பகுதிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

10 காசு கணக்கு

திட்டம் எப்படி நடந்தது? அரசுப் பணத்தோடு தொடங்கவில்லை. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர்மக்களிடம் போனார். அரிசி, பருப்பு, காய்கறி, விறகு, பாத்திரம் என்று எது முடியுமோ அதைக் கொடுக்கச் சொன்னார். ஊரில் கமிட்டி அமைந்தது, வாத்தியார்கள் மேற்பார்வை பார்த்தார்கள். விருதுநகரின் பிடி அரிசி மாநில அளவுக்கு வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

1957 நவம்பரில் அரசும் செலவில் பங்கு போட முன்வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் 6 காசு அரசு, 4 காசு ஊர். நயா பைசா அறிமுகமாகிச் சில மாதமே ஆன நேரம் அது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேர் அமைப்பு பால் பவுடர், சோளமாவு, எண்ணெய் கொடுத்தது. அந்தத் தலைமுறையில் படித்த பலருக்கு, பள்ளி என்றாலே நினைவுக்கு வருவது அந்தப் பாலும் உப்புமாவும்தான்.

பள்ளிகளின் வருகைப் பதிவேடு நிறைய ஆரம்பித்தது. இலவசக் கல்வி, சீருடை என்று அடுத்தடுத்த திட்டங்களும் வந்தன. காமராஜர் ஆட்சி தன் வெற்றியை அளந்த அளவுகோல் இதுதான்: எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்? அன்றைக்கு அது சரியான அளவுகோல். ஆனால் அந்தப் பிள்ளைகளின் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை வருகைப் பதிவேடு சொல்லாது. அதற்கு வேறு அளவுகோல் வேண்டும்.

உயரமும் எடையும் தனித்தனியாக என்ன சொல்லும்?

ரொம்ப எளிமையாகச் சொன்னால், உயரம் ஒரு பழைய டைரி. எடை நேற்றைய செய்தி.

வயதுக்கு ஏற்ற உயரம் இல்லையென்றால், நீண்ட நாள் சத்துக் குறைவோ, திரும்பத் திரும்ப வந்த நோயோ காரணமாக இருக்கலாம். இந்தக் குறை பெரும்பாலும் கருவில் இருக்கும்போதும், பிறந்து முதல் இரண்டு ஆண்டுகளிலும் ஏற்படுவது. எடை அப்படியில்லை. ஒரு மாதக் காய்ச்சலில் இறங்கும், ஒரு கோடை விடுமுறையில் ஏறும்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எண்தான் பி.எம்.ஐ. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 35 கிலோ எடை, 140 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு பிள்ளைக்கு 35-ஐ 1.96-ஆல் வகுத்தால் சுமார் 17.9. அதே பிள்ளையைச் சரியாக நிற்க வைக்காமல் 138 என்று குறித்துவிட்டால் 18.4 வரும். இரண்டு சென்டிமீட்டர் பிசகினால் பி.எம்.ஐ. அரைப் புள்ளி மாறுகிறது. குதிகால் சுவரில் படணும், பார்வை நேராக இருக்கணும் என்று நர்ஸ் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பெரியவர்களுக்குச் சொல்லும் பி.எம்.ஐ. வரம்பைப் பிள்ளைகளுக்கு அப்படியே போடக் கூடாது. வளரும் வயதில் அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆண், பெண் என்றும் மாறும். அதனால்தான் வயதுவாரியான வளர்ச்சி வரைபடம் தேவை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பு 2015-ல் 5 முதல் 18 வயது வரைக்கும் இப்படி ஒரு வரைபடத்தை வெளியிட்டது. வளர்ந்த பிறகு பி.எம்.ஐ. 23, 27 என்று ஆகக்கூடிய கோடுகளை அது அதிக எடைக்கும் பருமனுக்கும் எல்லையாக வைத்திருக்கிறது. உலக அளவில் சொல்லப்படும் 25, 30-ஐவிட இது குறைவு. ஏன் குறைவு என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

பதவியை விட்டார், திட்டம் நின்றது

காமராஜர் 1963 அக்டோபர் 2-ல் முதல்வர் பதவியிலிருந்து விலகினார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற கே-பிளான் அவர் போட்டதுதான். அதைத் தனக்கே முதலில் பொருத்திக்கொண்டார். 1964-ல் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். அதே ஆண்டு சாஸ்திரியும், 1966-ல் இந்திரா காந்தியும் பிரதமரானதில் அவர் பங்கு பெரிது.

ஆனால் சொந்த ஊர் கைவிட்டது. 1967 தேர்தலில் விருதுநகரில், தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் விலையும் அந்தத் தேர்தலின் பெரிய பிரச்னை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டவரின் கட்சி, வீட்டு அரிசிப் பானை காலியானதால் ஆட்சியை இழந்தது. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். அதே ஆண்டு காங்கிரஸ் உடைந்தபோது இந்திராவுக்கு எதிர் அணியில் நின்றார்.

1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று சென்னை தியாகராய நகர் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 72. வாடகை வீடு. அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது.

அவர் போட்ட தட்டு மட்டும் காலியாகவில்லை. 1982 ஜூலை 1 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். ஊர்க் கமிட்டிகளை நம்பாமல், அரசே அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று ஆட்களை நியமித்தது. கருணாநிதி ஆட்சியில் 1989-ல் முட்டை சேர்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று என ஆரம்பித்து, பிறகு பள்ளி நாள்தோறும் ஒன்று என ஆனது. ஜெயலலிதா ஆட்சியில் 2013-ல் கலவை சாத வகைகள் வந்தன. 2022 செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கினார். கட்சிகள் மாறின, யாரும் தட்டைப் பறிக்கத் துணியவில்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உத்தரவிட்டது. அதற்குள் தமிழ்நாட்டில் பல தலைமுறை சாப்பிட்டு எழுந்திருந்தது.

அம்மா சாப்பிட்டது, பிள்ளை வளர்ந்தது

சரி, இந்தச் சோறு உண்மையிலேயே உடம்பை மாற்றியதா? இரண்டு ஆய்வுகளைப் பார்க்கலாம்.

ஒன்று ஆந்திராவில் நடந்தது. சின்ன வயதில் வறட்சியில் சிக்கி வளர்ச்சி குறைந்த பிள்ளைகளை, பிற்பாடு பள்ளி மதிய உணவு பெருமளவு மீட்டெடுத்திருந்தது. 2014-ல் வெளியான முடிவு இது. மழையை நம்பிய கரிசல் ஊரில் திட்டத்தைத் தொடங்கியது எவ்வளவு பொருத்தம் என்று இப்போது புரியும்.

இன்னொன்று 2021-ல் வந்தது, அகில இந்தியத் தரவுகளை வைத்து. சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள், வளர்ந்து தாயானபோது, அவர்களின் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேலாக இருந்தார்கள். 2006 முதல் 2016 வரை இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இதனால் வந்திருக்கலாம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள், கல்யாணமும் குழந்தைப் பேறும் தள்ளிப்போயின, மருத்துவ வசதிகளை அதிகம் பயன்படுத்தினார்கள். இதெல்லாம் சேர்ந்துதான் அந்த உயரம்.

அதாவது, பள்ளியில் ஒரு பெண் பிள்ளைக்குப் போட்ட சோறு அவளோடு முடிவதில்லை. இருபது வருஷம் கழித்து அவள் பிள்ளையின் அளவு அட்டையிலும் அது தெரிகிறது.

இப்போது பிரச்னை பசி மட்டும் இல்லை

காமராஜர் காலத்தில் கேள்வி ஒன்றுதான்: வயிறு நிறைந்ததா? இன்று நிலைமை சிக்கலானது.

2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அளந்தது. பலரின் ரத்தத்தையும் பரிசோதித்தது. 10 முதல் 19 வயதுக்காரர்களில் 24 சதவீதம் பேர் வயதுக்கு ஒல்லியாக இருந்தார்கள். 5 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். ஆனால் பத்தில் ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை, நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்தது.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பருமன் 5 சதவீதம், சர்க்கரை ஏறியவர்கள் 10 சதவீதம். பருமனான எல்லோருக்குமே சர்க்கரை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதிப் பேர் பருமன் இல்லாதவர்கள். பையன் ஒல்லியாத்தானே இருக்கான், அவனுக்கென்ன என்று விட்டுவிட முடியாது. அதான் விஷயம்.

இது எப்படி? புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் சி.எஸ்.யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகள் சுமார் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், உடம்பின் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசை குறைவாக இருந்தால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ள இடம் குறைவு. இப்படிப்பட்ட பிள்ளை, பிற்பாடு மாவும் எண்ணெயும் இனிப்பும் அதிகம் சாப்பிட்டு, ஓடியாடாமல் இருந்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. எல்லைக்கோடு கீழே வரையப்பட்டதற்குக் காரணமும் இதுதான்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், மாநிலத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை. அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்குக் குள்ளம். ஒரே வீட்டில் அம்மாவுக்கு எடை கூடுதல், பிள்ளைக்கு உயரம் குறைவு என்ற நிலை இருக்கலாம். இரண்டும் எதிரெதிர் பிரச்னை இல்லை, ஒரே கதையின் இரண்டு அத்தியாயம்.

அப்படியென்றால் தட்டில் என்ன மாறணும்?

சத்துணவைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. தேசிய அளவில் பள்ளி மதிய உணவுக்கு உள்ள விதி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும். 6 முதல் 8-ம் வகுப்புக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும். ஒரு முட்டையில் மட்டும் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் பங்கில் பாதியை அந்த முட்டையே கொடுத்துவிடும். வயிற்றை நிரப்புவது சோறு. தசையைக் கட்டுவது முட்டையும் பருப்பும் கொண்டைக்கடலையும்தான். தட்டில் எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்கக் கூடாது.

தூத்துக்குடிக் கரைக்கு இதில் ஒரு வசதி உண்டு. சாளை, நெத்திலி மாதிரி சின்ன மீன்கள் புரதத்துக்கு நல்ல வழி. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். பள்ளி வாசலில் விற்கும் குளிர்பானமும் பாக்கெட் நொறுக்குத்தீனியும் இந்த வேலையைச் செய்யாது.

வீட்டில் செய்யக்கூடியது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு டேப் போதும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால், எடை எவ்வளவு இருந்தாலும் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. 140 சென்டிமீட்டர் பிள்ளைக்கு 70 சென்டிமீட்டர் என்பது அந்தக் கோடு. இது நோய் என்று சொல்லும் முடிவு அல்ல, கவனிக்கச் சொல்லும் அடையாளம் மட்டும். பிள்ளைகள் முன்னால் குண்டு, ஒல்லி என்று பேசுவதைவிட, அளவைக் குறித்துவைத்து அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும். ஒரு எண்ணைவிட அந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

2013 முதல் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. ஆள் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, அளவும் எடுக்கப்படுகிறது. அந்த அளவு பெற்றோருக்குப் புரியும்படி வீட்டுக்கு வருகிறதா, தேவைப்படும் பிள்ளைக்கு அடுத்த பரிசோதனை நடக்கிறதா என்பதில்தான் இனி கவனம் வேண்டும்.

பள்ளி இருந்தும் பிள்ளை ஏன் வரவில்லை என்று 1950-களில் கேட்டதால் காமராஜருக்குக் கிடைத்த பதில், மத்தியானச் சோறு. இன்று பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டது, சாப்பிட்டும்விட்டது. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளியிலிருந்து அளவு அட்டையோடு வந்தால், மதிப்பெண் அட்டையைப் பார்ப்பது போல அதையும் ஒரு நிமிஷம் பாருங்கள். போன வருஷ அட்டை இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.